மலை வீட்டுக்கு ஒரு வானிலை நிலையம்: பெட்டியில் எழுதியிருப்பதும் கொடைக்கானலில் கண்டதும்

கொடைக்கானலின் வெப்பநிலை என்று நாளிதழ்களில் வரும் எண் ஏரிக்கரையில் எடுக்கப்பட்டதன்று. 1899 முதல் இயங்கிவரும் சூரிய ஆய்வுக்கூடத்தின் வளாகத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் உள்ள வானிலைத் துறையின் நிலையத்தில் அது பதிவாகிறது. ஏரியும் கடைவீதியும் அதைவிட இருநூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்தவை. செண்பகனூர் இன்னும் கீழே, பெருமாள்மலை அதற்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கைப் போட்டாலே, ஊருக்குள் பகல் வெப்பம் செய்தியில் வருவதைவிட ஒன்றரை டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். காற்றில்லாத தெளிந்த இரவில் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதால், மேட்டில் இருப்பவரைவிடப் பள்ளத்தில் இருப்பவரே அதிகம் நடுங்குவார். ஆகவே தம் தோட்டத்தின் வானிலையை அறிய விரும்பும் மலைவாசி, தம் தோட்டத்திலேயே ஒரு கருவியை நட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படி எங்கள் வீட்டில் நடப்பட்டுள்ள கருவியைப் பற்றியது இந்த மதிப்புரை. ஒரே சீனத் தொழிற்சாலையில் உருவாகி, வெவ்வேறு வணிகப் பெயர்களும் வெவ்வேறு அட்டைப்பெட்டிகளும் பூண்டு விற்பனைக்கு வரும் வகையைச் சேர்ந்தது இது என்பதால், பெயரைவிட அமைப்பைச் சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும். வெப்பநிலை, ஈரப்பதம், மழை, காற்றின் வேகம், காற்றின் திசை, சூரிய ஒளி, புற ஊதாக் கதிர் ஆகிய ஏழையும் அளக்கும் சென்சார்கள் ஒரே தலைப்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கின்றன. வீட்டுக்குள் வைக்கும் வண்ணத் திரையில் காற்றழுத்தமானி இருக்கிறது. திரை வைஃபை வழியாக அளவுகளை இணையத்துக்கு அனுப்புகிறது. விலை இருபதாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. என் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கருவி நல்லது, திரை பாதி பொய். அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டு வாங்குபவருக்குப் பணம் வீணாகாது.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது, தலைப்பகுதி திரைக்கு அளவுகளை அனுப்பும் அலைவரிசை. இந்த வகைக் கருவிகள் 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என மூன்று வடிவங்களில் வருகின்றன. நம் நாட்டில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய பட்டைகளில் ஒன்று 865 முதல் 868 வரையுள்ளது. 915 அமெரிக்கச் சந்தைக்கானது. விற்பனைப் பக்கங்களில் பலர் இதைக் குறிப்பிடுவதே இல்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். கேளுங்கள்.

நடுவது பற்றிக் கையேடு நான்கு வரிகளோடு நிறுத்திக்கொள்கிறது. உண்மையில் கருவியின் தரத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. வெப்பநிலை சென்சார் தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக வழக்கு. காற்றின் வேகத்தையோ 10 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். மழைமானியின் வாய் நிலத்துக்கு அருகில், நம் வானிலைத் துறையின் வழக்கப்படி 30 சென்டிமீட்டர் உயரத்தில் அமைய வேண்டும். மூன்றையும் ஒரே தலையில் வைத்து விற்பவர் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். மலை வீட்டில் விட்டுக்கொடுக்க வேண்டியது காற்றையே என்பது என் முடிவு. இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு ஜி.ஐ. பைப்பை கான்கிரீட்டில் ஊன்றி, கொத்தனாரின் ரசமட்டம் வைத்து நேர்பார்த்துப் பொருத்தினால், வெப்பநிலையும் மழையும் நம்பத்தக்கவையாகக் கிடைக்கும். கூரைமேல் பொருத்த வேண்டாம். இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை தகரக் கூரை வேய்ந்தவை. நண்பகலில் அதன்மேல் எழும் சூடு, கருவியை நம் ஊரின் வானிலையை விட்டுத் தகரத்தின் வானிலையை அளக்க வைத்துவிடும்.

மரங்களிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. எவ்வளவு தள்ளி என்பது எழுதப்படவில்லை. தடையின் உயரத்தைப் போலக் குறைந்தது இருமடங்கு தூரம், முடிந்தால் நான்கு மடங்கு. பதினைந்து மீட்டர் யூகலிப்டஸ் மரம் நிற்கும் மனையில் இது நடக்காத காரியம். நடக்காவிட்டாலும் மரத்தடியை மட்டுமாவது தவிர்க்க வேண்டும், ஏனெனில் மூடுபனி இலைகளில் படிந்து சொட்டும் நீரையும் கருவி மழை என்றே எழுதிக்கொள்ளும்.

திசை பொருத்துவதில் கையேடு சொல்வதில் ஒன்று நம் மலைக்கு முழுதும் பொருந்தாது. வட அரைக்கோளத்தில் இருப்பவர், கருவிக்கு மின்சாரம் தரும் சூரியத் தகட்டைத் தெற்கு நோக்கி வைக்க வேண்டும் என்கிறது அது. கொடைக்கானல் பத்தேகால் பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில், அதாவது ஏப்ரல் 17-ஐ ஒட்டி, நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது, அதன்பின் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஆகக் கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும், வானம் மூடியிருக்கும் மாதங்களில், சரிவாக அமைந்த தகடு சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். காற்றுத்திசை சரியாகப் பதிவாக வேண்டுமானால் அம்புக்குறியை வடக்கு நோக்கித்தான் வைத்தாக வேண்டும் என்பதால் தகட்டைத் திருப்பவும் இயலாது. இதற்குத் தீர்வு, துணை பேட்டரிகளைப் போட மறக்காமலிருப்பது மட்டுமே. விலை குறைந்த சாதாரண பேட்டரியைத் தவிர்த்து லித்தியம் வகையைப் போட்டால் ஓராண்டுக்கு மேல் தாங்கும். காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் இங்கே வேறுபாடு மிகச் சிறிது. கைப்பேசியின் திசைகாட்டியே போதும்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை சென்சார் துல்லியமானது, அதைச் சூழ்ந்திருக்கும் வெள்ளைத் தட்டுகளின் அடுக்குதான் பலவீனம். வானிலைத் துறை வெப்பமானிகளை வைக்கும் ஸ்டீவன்சன் பெட்டி இரட்டை மரச் சட்டங்களுக்கிடையே காற்றை விட்டு வெயிலை மறைக்கிறது. இந்தக் கருவியின் சிறிய பிளாஸ்டிக் அடுக்கு, காற்று வீசும்போது அதற்கு இணையாக நடந்துகொள்கிறது; காற்று நின்று, வெயில் நேர் மேலிருந்து இறங்கும் சித்திரை நண்பகலில் ஒரு டிகிரிக்கு மேல் கூட்டிக் காட்டுகிறது. மேகம் வந்து மூடிய சில நிமிடங்களில் திரையில் எண் சரசரவென இறங்குவதைக் கண்டால், இறங்கியதில் ஒரு பகுதி காற்றின் குளிர்ச்சி, மறுபகுதி பிளாஸ்டிக்கின் குளிர்ச்சி என்று புரிந்துகொள்ள வேண்டும். கோடையிலும் அதிகபட்சம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊரில் ஒரு டிகிரி என்பது சிறிய பிழையன்று. 2024 ஏப்ரல் இறுதியில் உதகையில் 29 டிகிரி பதிவானதே பெருஞ்செய்தியாயிற்று. இயல்புக்கும் வரலாற்றுப் பதிவுக்கும் நடுவே மலைகளில் உள்ள இடைவெளி சில டிகிரிகள்தான். விசிறி பொருத்திய மறைப்பு தனியாகக் கிடைக்கிறது. அதிகபட்ச வெப்பத்தில் அக்கறையுள்ளவர் அதில் செலவிடலாம். இரவின் குறைந்தபட்சம் மட்டும் போதும் என்பவருக்கு அது தேவையில்லை, இரவில் இந்தக் கருவி குறை சொல்ல முடியாதபடி அளக்கிறது.

ஈரப்பத சென்சாரைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. மூடியுள்ள டப்பாவில் சமையல் உப்பை ஈரம் கோத்த சேறு போல நனைத்து வைத்து, நீர் படாமல் சென்சாரையும் உள்ளே வைத்து மூடினால், சில மணி நேரத்தில் உள்ளே உள்ள காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் நிலைக்கும். ஒருங்கிணைந்த தலையை டப்பாவுக்குள் வைக்க முடியாது. திரையோடு வரும் உள்ளறை சென்சாரைத்தான் இப்படிப் பார்க்க முடிந்தது, 73 காட்டியது. வெளி சென்சார் மூடுபனி நாட்களில் 99-இல் ஒட்டிக்கொள்கிறது. நெடுநாள் ஈரத்தில் ஊறும் இவ்வகை சென்சார்கள் காலப்போக்கில் தடம்புரளும் என்பதால், மாற்று சென்சார் தனியாகக் கிடைக்கும் மாதிரியை வாங்குவது நல்லது. ஈரப்பதத்தின் உண்மையான பயன் மாசிப் பங்குனியில்தான் தெரியும்: வறண்ட காற்று இறங்கும் நாட்களில் எண் 20-க்கும் கீழே போகும்போது, காட்டுத்தீ பற்றிய அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மழைமானிக்கு வருவோம். கோடை மழையைப் பார்ப்பதற்காகத்தான் பெரும்பாலோர் இதை வாங்குவார்கள். காலையில் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் வானம், பத்து மணிக்குமேல் வைகைச் சமவெளியின் சூடான காற்று மலைச்சரிவில் ஏறத் தொடங்கியதும் மெல்ல மாறும். கோக்கர்ஸ் வாக்கில் நிற்பவரின் காலடியிலிருந்து பனிமூட்டம் எழும். இரண்டு, மூன்று மணிக்கு இடி. சமவெளியில் கத்திரி வெயில் கொளுத்தும் நாட்களில் இங்கே பிற்பகல் மழை பெய்வது வியப்பில்லை, அந்தச் சூடேதான் இந்த மழைக்கு மூலதனம். இத்தகைய மழை ஒரு மேட்டில் கொட்டி அடுத்த மேட்டில் தூறலோடு நின்றுவிடும் என்பதால், பிற கருவிகளைவிட மழைமானிக்கே மலையில் மதிப்பு அதிகம்.

கருவியின் உள்ளே, தராசு போல இருபுறமும் சாயும் சிறு கரண்டி இருக்கிறது. 0.2 மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் நிறைந்ததும் ஒருபுறம் சாய்ந்து கொட்டும், மறுபுறம் நிறையத் தொடங்கும். சாய்வுகளை எண்ணுவதே அளவீடு. மெதுவான மழையில் இது சரியாக வேலை செய்கிறது. கோடை இடிமழையில், கரண்டி சாய்ந்துகொண்டிருக்கும் நொடிப்பொழுதிலும் நீர் விழுந்துகொண்டே இருப்பதால் ஒரு பங்கு எண்ணப்படாமலே போய்விடுகிறது. சோதிக்க விரும்புபவர் புனலின் விட்டத்தை அளக்கட்டும். எங்கள் கருவியில் அது 11 சென்டிமீட்டர். பரப்பு 95 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 9.5 மில்லிலிட்டர் நீர். மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் குழாய் வழியாக 190 மில்லிலிட்டர் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் திரை 20 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். காட்டியது 18.6. அமைப்புகளில் மழைக்கான பெருக்கெண்ணை 1.08 என மாற்றிக்கொள்ளலாம். தொழிற்சாலையிலேயே இதைச் செய்து அனுப்பியிருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு.

அத்துடன், கையால் படிக்கும் ஒரு மழைமானியையும் பக்கத்தில் வைக்காமல் இருக்க வேண்டாம். வானிலைத் துறையின் நிலையான மழைமானி 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ளது, ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 20 மில்லிலிட்டர். அதே அளவில் வாய் அமைந்த பாத்திரமும் அளவுக்குடுவையும் இருந்தால் மின்சாரமே தேவையில்லை. கீழ்ப்பழனி மலையின் காப்பித் தோட்டங்களிலும் நீலகிரியின் தேயிலை எஸ்டேட்களிலும் மழையை அங்குலத்திலும் சென்ட்டிலும் எழுதிவரும் பழைய பேரேடுகள் எல்லாம் இப்படிப்பட்ட பாத்திரங்களால் ஆனவை, ஒரு சென்ட் என்றால் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததைப் போன்ற மழையில் எந்தச் சாயும் கரண்டியின் சொல்லையும் தனியாக நம்ப முடியாது.

மழை பற்றி இரண்டு எச்சரிக்கைகள். முகில் ஏதுமற்ற காலையில் திரையில் 0.2 மில்லிமீட்டர் தெரிந்தால் அது புனலில் படிந்து வழிந்த பனிநீர். இரண்டாவது, நாளின் எல்லை. இந்தத் திரை நள்ளிரவில் மழைக்கணக்கை முடித்துப் புதிதாகத் தொடங்குகிறது; வானிலைத் துறைக்கோ நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, தேதியும் முடியும் நாளுடையது. ஆகவே பத்தாம் தேதி பிற்பகலில் பெய்த கோடை மழை, துறையின் பட்டியலில் பதினொன்றாம் தேதிக் கணக்கில் வரும். இரண்டையும் ஒப்பிட்டுக் கருவி தவறு என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அமைப்புகளில் தொடக்க நேரத்தை மாற்றலாம்தான், ஆனால் முழு மணிகளில் மட்டும். எட்டரை என்று வைக்க வழியில்லை. அரைமணி நேரக் கணக்கில் வாழும் ஒரு பெரிய நாட்டை வடிவமைத்தவர்கள் நினைக்கவே இல்லை போலும்.

இனி அந்தப் பாதிப் பொய். திரையின் மேல்மூலையில் சூரியன், மேகம், மழை, புயல் என்று மாறும் முன்னறிவிப்புப் படம்தான் விளம்பரங்களில் பெரிதாகக் காட்டப்படுவது. அதன் பின்னால் உள்ள சூத்திரம் ஒன்றே: காற்றழுத்தம் ஏறினால் வானம் தெளியும், இறங்கினால் மழை வரும். ஐரோப்பாவைப் போன்ற மிதவெப்ப நாடுகளில், தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோகும் இடங்களில், இது ஓரளவு பலிக்கும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. காலை பத்து மணியையும் இரவு பத்து மணியையும் ஒட்டி உச்சம், விடிகாலை நான்கையும் மாலை நான்கையும் ஒட்டித் தாழ்வு. வளிமண்டலம் சூரிய வெப்பத்தை உறிஞ்சுவதால் எழும் அலை அது, மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த ஏற்றத்தாழ்வு 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) அளவுக்கு இருக்கும். படத்தை மாற்றுவதற்குத் திரையில் தொழிற்சாலை வைத்திருக்கும் வரம்போ 2. விளைவு, காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் இடையே அழுத்தம் இறங்கும்போதெல்லாம் திரை மழைப்படத்தைப் போடுகிறது. கோடையில் பிற்பகல் மழை பெய்யும் ஊர் என்பதால் அது பலித்ததுபோலவும் தோன்றும். மழையற்ற பங்குனியிலும் அதே நேரத்தில் அதே படம் வருவதைக் கவனித்தால்தான் குட்டு வெளிப்படும். வரம்பை 4 ஆக உயர்த்திவிடுங்கள், அல்லது அந்தப் படத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுங்கள்.

கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம் என்ற எண்ணும் அத்தகையதே. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உண்மையான அழுத்தம் 790 ஹெக்டோபாஸ்கலை ஒட்டியது (தண்ணீர் இங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதற்கும் இதுவே காரணம்). அதைக் கடல் மட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால், மலைக்குள் இல்லாத 2,100 மீட்டர் காற்றுத் தூண் ஒன்றைக் கற்பனை செய்து அதன் வெப்பநிலையையும் கற்பனை செய்ய வேண்டும். அந்தக் கற்பனையில் ஒரு டிகிரி மாறினாலே விடை ஒரு ஹெக்டோபாஸ்கலை நெருங்கும் அளவுக்கு மாறிவிடும். உயர்ந்த இடங்களில் உள்ள வானிலை நிலையங்கள் இந்தத் திருத்தத்தைக் கைவிட்டு, காற்றழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்கும் உயரத்தைச் சொல்வதும் இதனால்தான். வீட்டில் செய்யத்தக்கது, திருத்தாத அழுத்தத்தையே வைத்துக்கொண்டு, முந்தைய நாள் இதே மணியில் இருந்ததோடு ஒப்பிடுவது. அந்த ஒப்பீட்டில் மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால் அது பேசத் தகுந்த செய்தி. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் உள்நாட்டைக் கடந்து இந்த மலை வரைக்கும் வந்து மரங்களைச் சாய்த்ததை நேரில் கண்டவர்களுக்குக் காற்றழுத்தமானி எந்த நாளுக்கானது என்று சொல்ல வேண்டியதில்லை.

காற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு மீட்டர் உயரத்தில், வேலியும் பேரிக்காய் மரங்களும் சூழ அளக்கப்படும் வேகம் அந்தத் தோட்டத்துக்கு மட்டுமே உரியது.

எதிர்பாராமல் மிகவும் பயன்பட்டது புற ஊதாக் குறியீடு. 11-க்கு மேல் போனால் அதி தீவிரம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. ஏப்ரல், மே மாதங்களின் தெளிந்த நண்பகலில் இந்த எண் அதைத் தாண்டிவிடுகிறது. குளிர் தெரிவதால் வெயில் தெரிவதில்லை, ஏரியில் படகு ஓட்டிவிட்டு மாலையில் முகம் எரிகிறது என்று மருந்துக்கடைக்கு வரும் கோடை விழாக் கூட்டத்துக்கு இந்த ஓர் எண்ணைப் பலகையில் எழுதி வைத்தாலே போதும். சூரிய ஒளி சென்சாரில் ஒரு வேடிக்கை உண்டு: வெள்ளை மேகங்களுக்கு நடுவே சூரியன் தலைநீட்டும் கணத்தில், மேக விளிம்புகளிலிருந்து சிதறும் ஒளியும் சேர்ந்துகொள்வதால், மேகமே இல்லாத நாளின் உச்சத்தைவிட அதிகமான அளவு பதிவாகும். கருவி பழுது என்று அஞ்ச வேண்டாம்.

இணைய இணைப்பு எளிது, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் வேண்டும். ஆனால் இடி இடிக்கத் தொடங்கியதும் மின்சாரம் போவது மலையின் வழக்கம். மின்சாரம் போனால் மோடம் அணையும், மோடம் அணைந்தால் பதிவேற்றம் நிற்கும். மழையின் மிகச் சுவையான அரைமணி நேரம் இணைய வரைபடத்தில் வெற்றிடமாகிவிடும். மெமரி கார்டு செருகும் வசதியுள்ள திரையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது மோடத்துக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்குங்கள். இரண்டும் இல்லாதவருக்கு இந்தக் கருவியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பராமரிப்பில் பெரிய எதிரி குரங்கு. சுழலும் கிண்ணங்களைக் கண்டால் அதற்குக் கை சும்மா இருப்பதில்லை. பைப்பின் நடுவில் வழுக்கும் தகரச் சுற்று ஒன்றை அகலமாகக் கட்டியபின் ஏறுவது குறைந்தது. காட்டுமாடு உடலைத் தேய்க்க வருமாதலால் ஊன்றுகுழி ஆழமாக இருக்கட்டும். புனலுக்குள் சிலந்தி வலை பின்னினால் கரண்டி சாயாது, மழை பூஜ்யம் என்று வரும். மாதம் ஒருமுறை புனலைக் கழற்றித் துடைப்பது போதும், தேவையற்ற எண்ணெய் எதையும் இட வேண்டாம்.

உத்தரவாதம் ஓராண்டு. பழுதுபார்க்க மலையில் யாரும் இல்லை, மதுரையிலும் இல்லை. விற்ற நிறுவனம் கருவியை முழுதாகக் கழற்றிக் கூரியரில் அனுப்பச் சொல்கிறது. கிண்ணங்கள், புனல், சென்சார் ஆகியவை தனித்தனியாக விற்கப்படும் மாதிரியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். திரையின் அளவுக்கும் வண்ணத்துக்கும் கூடுதலாகக் கேட்கும் மூவாயிரம் ரூபாயைக் கொடுக்காமல், அந்தத் தொகையில் பைப், கான்கிரீட், கையால் படிக்கும் மழைமானி ஆகிய மூன்றையும் முடித்துக்கொள்ளலாம், மிச்சமும் இருக்கும்.